சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கிடையாது

முதியோர் இல்லத்தின் பின்கட்டு அறைக்குச் சாட்சி அண்ணன் மறுபடி வேலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கையில் பெட்டி, கக்கத்தில் வேதப்புத்தகம், முகத்தில் அப்போதுதான் குளிப்பாட்டிவிட்ட பிள்ளையின் பளபளப்பு.

அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்தாயிற்று. ஜெபத்துக்கென்று நாலு பேர் கூடினால் போதும், எழுந்து நின்று சாட்சி சொல்லிவிடுவார். "நான் மகா பாவி. ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாரு. நானும் என்னை மன்னிச்சிட்டேன்." கண்ணீர் வழியும். கைதட்டல் விழும். என்ன பாவம் என்று மட்டும் வாய் திறந்ததில்லை. கழுவாத பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சமையலறை சுத்தம் என்று சொல்கிற சாமர்த்தியம் அது.

பாவம் இதுதான். முன்பு இந்த அறையைப் பார்த்துக்கொண்ட காலத்தில், சாயங்காலத்துக்கு மேல் அவர் யாருக்கும் தண்ணீர் கொடுக்கமாட்டார். கொடுத்தால் ராத்திரி படுக்கை நனையும்; விரிப்பு மாற்ற வேண்டும். அவர் அறையில் விரிப்புகள் எப்போதும் உலர்ந்தே கிடந்தன. மேலிடத்தில் நல்ல பெயர். ஒரு கோடையில், ஜன்னலோரக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த தையல்காரர் தண்ணீர் கேட்டுக் கேட்டே விடிவதற்குள் அடங்கிவிட்டார். தூக்கத்தில் போய்விட்டார் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினார் அண்ணன்.

நர்ஸ் சாவியை நீட்டினாள். "உள்ள ஒரே ஒரு அம்மாதான் அண்ணே. உங்க காலத்துல போனாரே தையல்காரர், அவரோட சம்சாரம். அவரு படுத்த கட்டில்தான் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. மத்த கட்டில்ல யாரும் தங்கமாட்டேங்கிறாங்க."

"ஏனாம்?"

"தொண்டை வறண்டு போகுதாம்." அவள் சிரிக்காமல் நடந்துவிட்டாள்.

உள்ளே பினாயில் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை: பல நாள் காய்ச்சலில் காய்ந்த வாயின் வாடை.

"வாங்க தம்பி," என்றாள் படுத்திருந்த அம்மா. "எங்க வீட்டுக்காரரை அப்ப நீங்கதானே பாத்துக்கிட்டீங்க. அவரு கடைசியில ஏதாச்சும் கேட்டாரா?"

"இல்லம்மா. நிம்மதியா தூங்கிட்டே போனாரு." எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது பொய்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

உலர்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டி, பிரிகிற சத்தம்.

கட்டிலின் கால்மாட்டில். அங்கே யாரும் இல்லை. தையல்காரரின் அதே குரல் மட்டும்.

"தம்பி... கொஞ்சம் தண்ணி."

அண்ணன் பொத்தென்று முழங்காலில் விழுந்தார். பழக்க தோஷம், வாயில் சாட்சிதான் வந்தது. மகா பாவியில் தொடங்கி, தன்னைத் தானே மன்னித்தது வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். அந்தக் குரல் மரியாதையாகக் காத்திருந்தது.

"தண்ணி, தம்பி."

பிசாசே ஓடு என்று அதட்டினார். பாட்டுப் பாடினார். பெட்டியிலிருந்த ஜெப எண்ணெயை எடுத்துக் கட்டில் காலில் பூசினார். ஒரு கிழவரின் தொண்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம். எட்டுகிற தூரத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது. கை மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

"யாரைப் போட்டு அதட்டுறீங்க?" என்றாள் அம்மா. "தண்ணிதானே கேக்குறாரு. ஊத்திக் குடுத்தா கை தேஞ்சா போயிடும்?"

"உங்களுக்கும்... கேக்குதாம்மா?"

"தினம்தான் கேக்குது. எனக்கு எந்திரிக்க முடியல. வர்றவங்க எல்லாம் ஓடிப் போயிடுறாங்க."

இப்போது கொடுத்தால், அன்று கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பளபளப்பாகத் தேய்த்து வைத்திருந்த அந்த முகம் அதோடு போயிற்று. அண்ணனின் தொண்டையும் வறண்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"அன்னைக்கு நான் குடுக்கலம்மா. கேட்டுக்கிட்டே இருந்தாரு. படுக்கை நனைஞ்சிடும்னு... குடுக்கல."

கண்ணீர் வரவில்லை. கைதட்டவும் ஆள் இல்லை.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "இப்ப குடு."

ஆண்டவரின் மன்னிப்பு பொய்யில்லை. அது என்றைக்கோ வந்து வாசலில் நின்றிருந்தது. தன் சொந்த மன்னிப்பை நடுவில் போட்டுக் கதவை அடைத்துக்கொண்டவர் இவர்தான்.

அண்ணன் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, கட்டிலின் கால்மாட்டில் வெறும் காற்றில் நீட்டினார்.

தண்ணீர் குறைந்தது.

மடக், மடக் என்று விழுங்குகிற சத்தம். டம்ளர் காலியானது.

"நல்லா இரு தம்பி," என்றது குரல். அந்தக் காய்ந்த வாடை மெல்லக் கலைந்தது. அண்ணனின் நெஞ்சில் நெடுநாள் அடைத்திருந்த ஏதோ ஒன்று இளகியது. இந்தத் தடவை அழுகை தானாக வந்தது. டம்ளரைக் கீழே வைக்கப்போனார்.

பின்னால் சத்தம்.

உலர்ந்த நாக்கு ஒட்டி, பிரிந்தது.

மூலைக் கட்டிலில், சுருக்கமே இல்லாத வெள்ளை விரிப்பின்மேல், ஒரு தலை அழுந்திய பள்ளம் மெதுவாக விழுந்தது.

"தம்பி," என்றது வேறொரு தொண்டை. "எனக்கும் குடுக்கலியே."