எண்ணிக்கை சரியாகவே இருந்தது

சனிக்கிழமை, பிற்பகல் 3.10.

இராஜரட்ணத்தின் மார்பு ஒரு தடவை ஏறி இறங்கியது. அடுத்த மூச்சுக்காகத் தீப்தி காத்திருந்தாள். பத்து விநாடி கழித்துத்தான் அது வந்தது.

இருபது நிமிடத்துக்கு முன்பு எண்ணியபோது நிமிடத்துக்குப் பன்னிரண்டு. இப்போது ஆறு. இமையை விலக்கிப் பார்த்தாள். கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மதுரையில் ஒன்பது ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. வலிமருந்து அளவு மீறிவிட்டது.

911ஐ அழைத்து, போனைப் படுக்கையில் வைத்தாள். மருந்துக்கடை இலவசமாகக் கொடுத்திருந்த, வலிமருந்தை முறிக்கும் மருந்தை எடுத்து அவர் மூக்கில் பீச்சினாள். சட்டையைத் தூக்கி, முதுகின் மேற்புறம் ஒட்டியிருந்த வலிமருந்து பேட்சை உரித்தாள். வழக்கமாகத் தோலைப் பிடித்து இழுக்கும் பேட்ச், அன்று ஈரக் காகிதம்போல் கையோடு வந்தது. அதைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தோல் சிவந்திருந்தது.

3.19க்கு ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "என்ன பிள்ளை, சத்தமாக் கிடக்கு?" என்று கேட்டார்.

உயிர் பிழைத்துவிட்டார். சந்தேகம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அன்று மாலை ஒரு பொலிஸ்காரர் வந்து எல்லோரையும் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தீப்தியை வேலைக்கு வைத்திருந்த பராமரிப்பு ஏஜென்சியின் மேற்பார்வையாளர் போன் செய்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால், நர்ஸ்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்புக்கு முறைப்பாடு போகும் என்றார். அனுமதி இல்லாமல் மருந்து கொடுத்ததாக.

தீப்தி மாணவர் விசாவில் வந்தவள். கல்லூரியில் சுகாதார நிர்வாகம் படித்துக்கொண்டே, வாரத்துக்கு இருபத்துநான்கு மணிநேரம் இந்த ஸ்காபரோ வீட்டில் பராமரிப்பாளர் வேலை. உரிமத் தேர்வை அக்டோபரில் எழுதித் தேறிவிட்டாள். மதுரையிலிருந்து சான்றிதழ்கள் வந்து சேரவே பதினொரு மாதம் ஆயிற்று. மிச்சம் நன்னடத்தை உறுதிமொழி ஒன்றுதான். விசா ஏப்ரலில் முடிகிறது. முறைப்பாடு ஒன்று பதிவானால் கோப்பு நின்றுவிடும். ஏப்ரல் நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.00.

குசினியில் அனோஜா, ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். இராஜரட்ணத்தின் ஒரே மகள்; மார்க்கம் நகரில் வேலை. நேற்றுப் பிற்பகலும் வேலையில்தான் இருந்தாள். முதல் பனிக்குத் தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தீப்திக்குப் போட்டுவிட்டவள் அவள்தான். இன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தீப்தியின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். தீப்திக்குக் கோபம் வரவில்லை. அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோபப்படவும் முடியவில்லை.

"சித்தப்பா, உப்புப் போத்தில் வெறும் போத்தில். போன கிழமைதானே புதுசு வாங்கினனான்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் சோபாவில் இருந்த ஜெயரட்ணம். இராஜரட்ணத்தின் தம்பி. சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் இருப்பார். நேற்று இரவு வீடு திரும்பவில்லை.

நான்காவது ஆள் ஜலீலா. பேட்ச் கொடுக்கும் மருந்துக்கடையின் மருந்தாளர். பேட்ச்களைக் கணக்குப் பார்க்க அனோஜாதான் கூப்பிட்டிருந்தாள். குட்டையான உருவம், பனிச் சப்பாத்து, கையில் நீலக் கோப்பு.

"அக்கா, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கேல்லை," என்றாள் அனோஜா, கைகளைத் துடைத்தபடி வந்து. "நேற்றுக் காலமை அப்பா வலியிலை அனுங்கேக்க தீப்தி என்ன சொன்னவா தெரியுமோ? மதுரையிலை எண்டா இவ்வளவுக்குத் தானே ஒரு ஊசி போட்டிருப்பன் எண்டு. எக்ஸாக்ட்லி அப்பிடி."

ஜலீலா திரும்பினார். "சொன்னீங்களா?"

"சொன்னேன், மேடம்."

"செஞ்சீங்களா?"

"இல்ல. இங்க நான் உடம்பு துடைக்கலாம், சோறு ஊட்டலாம். மருந்தத் தொடக்கூடாது. பேட்ச் மாத்துறது வீட்டுக்கு வர்ற நர்ஸ்தான். நான் பக்கத்துல நின்னு பாப்பேன். அவ்வளவுதான்."

"மூக்கில மருந்து அடிச்சீங்களே?"

"உசுரு போற நேரம், மேடம்."

"அதுல கேள்வி இல்ல. அத ரோட்டால போற ஆளும் அடிக்கலாம். பேட்ச உரிச்சதும் சரி."

ஜலீலா மேசையில் பெட்டியைத் திறந்தார். ஒரு பெட்டிக்கு ஐந்து பேட்ச். மூன்று நாளைக்கு ஒன்று. பாவித்ததைக் குப்பையில் போடக்கூடாது. ஒரு தாளில் ஒட்டி மருந்துக்கடைக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பெட்டி கிடைக்கும். தாளில் மூன்று இருந்தன: முந்தைய வெள்ளி, திங்கள், வியாழன். வியாழக்கிழமைப் பேட்ச்தான் தீப்தி உரித்தது. அருகில் அவள் கையெழுத்தில் '3.13' என்று இருந்தது. பெட்டிக்குள் பிரிக்காமல் இரண்டு.

"எண்ணிக்கை சரி. ஒண்டும் குறையல்ல."

தீப்தி மூச்சு விட்டாள்.

"பொறுங்க. பாவிச்ச பேட்ச்லயும் மருந்து மிச்சம் இருக்கும். அதுக்காகத்தான் திருப்பித் தரச் சொல்ற. பழசு ஒண்ட எடுத்து இன்னொருக்கா உடம்பில ஒட்டிட்டு, பிறகு தாளில வச்சாலும் எண்ணிக்கை மாறாது."

அனோஜா தீப்தியைப் பார்த்தாள். இப்போதுதான் முதல் தடவையாக.

ஜலீலா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் இரண்டு பேட்ச்களிலும் வீட்டுக்கு வரும் நர்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தார். பாதிக் கையெழுத்து பேட்சின் மேல், மீதி தாளின் மேல்.

"இங்க பாருங்க. கோடு எங்கயும் உடையல்ல. ஒருக்கா எடுத்துத் திரும்ப ஒட்டினா மயிரிழையாவது விலகியிருக்கும். இது ரெண்டும் அசையல்ல."

"அப்ப அண்ணைக்கு எங்காலை கூடின மருந்து?" என்றார் ஜெயரட்ணம்.

"அதுதான் கேள்வி. உடம்பில இருந்தது ஒரே ஒரு பேட்ச். வேலை செஞ்சது ரெண்டு பேட்ச் அளவு." ஜலீலா நாற்காலியைத் தீப்திக்கு எதிரே இழுத்துப் போட்டார். "நீங்க கண்டத முதல்ல இருந்து சொல்லுங்க. என்ன நினைச்சீங்க எண்டு வேணாம். கண்டது மட்டும்."

தீப்திக்குப் பழக்கமான வேலை. ஷிஃப்ட் முடிகிறபோது அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கிற மாதிரி சொல்லத் தொடங்கினாள்.

"மதியம் ஒன்றரைக்கு மலச்சிக்கல் மருந்து வாங்க உங்க கடைக்குக் கிளம்பினேன்."

"வந்தீங்க. ஒண்டு ஐம்பதுக்கு நானே தந்த."

"பஸ் வரல. பனியில நடந்தே வந்தேன். வீட்டுக்கு வரும்போது 2.40. பேஷன்ட் தூக்கத்துல இருந்தார். அங்கிள் கிச்சன்ல தோசைக்கல் கழுவிட்டிருந்தார். 2.50க்கு மூச்சு பன்னிரண்டு. 3.10க்கு ஆறு. பேட்ச் உரிச்சப்போ பசை இளகி ஈஸியா வந்திடுச்சு. சுத்தித் தோல் வட்டமா சிவந்திருந்தது."

"தோசைக்கல் கழுவினதும் குற்றமோ, பிள்ளை?" என்று சிரிக்கப் பார்த்தார் ஜெயரட்ணம்.

"சித்தப்பா, நீங்கள் குடிச்ச கோப்பையையே கழுவமாட்டியள்," என்றாள் அனோஜா.

ஜலீலா எழுந்து குசினிக்குள் போனார். தோசைக்கல்லைத் தூக்கி, விளிம்பை நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அங்கிள், நேத்து அண்ணனுக்கு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"பொலிசும் உதைத்தானே கேட்டது. சத்தியமாக் குடுக்கேல்லை. ஒரு பனடோல்கூட இல்லை."

"நம்புறன். சரி, இத சொல்லுங்க. உங்களுக்கு முதுகு பிடிச்சா வீட்டில என்ன செய்வாங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "உதுக்கேன் மருந்து? உப்பை நல்லா வறுத்து, பழஞ்சீலையிலை கட்டி ஒத்தடம் குடுத்தா... என்ரை மனுசி குடுத்தா ரெண்டு நாளிலை..."

நின்றுவிட்டார்.

"எவ்வளவு நேரம் குடுத்தீங்க?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும். ஆறஆறத் திருப்பி வறுத்து வறுத்து." தன் கைகளையே பார்த்தார். "முதுகு, முதுகெண்டு சொன்னவர். பாத்துக்கொண்டிருக்க ஏலேல்லை. பிறகு நல்லா நித்திரை கொண்டிட்டார். என்ரை கைராசி எண்டெல்லோ நினைச்சன்."

"பேட்சுக்கு மேலயா?"

"அந்தப் பிளாஸ்டருக்கு மேலைதான். அங்கைதானே நோவு."

ஜலீலா தாளை மூடினார். "இதுதான் நடந்தது. சூடு பட்டா பேட்ச்ல இருக்கிற மருந்து தோலுக்குள்ள அவசரமா இறங்கும். சூடு ஆறின பிறகும் இறங்கினது ரத்தத்துல வேலை செய்யும். அதாலதான் 2.50க்குச் சரியா இருந்த மூச்சு 3.10க்கு விழுந்தது. பேட்ச் இளகினதும், தோல் சிவந்ததும், உப்புப் போத்தில் வெறுமையானதும் ஒரே காரணம். அங்கிள் பொய் சொல்லல்ல. பொலிஸ் மருந்தப் பத்திக் கேட்டது. ஒத்தடத்த மருந்தெண்டு எங்கட சனத்துல ஆரு நினைக்கிற?"

"ஆனா அக்கா, சூடு படக்கூடாது எண்டு நீங்கள் சொன்னனீங்கள்தானே?" என்றாள் அனோஜா.

"ஹீட்டிங் பேட் வேணாம், எலெக்ட்ரிக் போர்வை வேணாம் எண்டு சொன்ன. பெட்டியிலயும் அதுதான் இரிக்கு. இந்த வீட்டில அது ரெண்டுமே இல்ல. பத்தொன்பது வருஷம் ஸ்காபரோவில கவுண்டருக்குப் பின்னால நிக்கிறன். வலிக்கு உப்பு வறுக்கிற சனம் இது எண்டு எனக்குத் தெரியாதா? ஒரு ஆளத் தேடி வந்தன், ரெண்டு பேர் அகப்பட்டாங்க. ஒண்டு அங்கிளிட கை. மற்றது என்ட வாய்."

பிறகு அனோஜா பக்கம் திரும்பினார். "உங்கட வாப்பா உசுரோட இருக்கிறது இவங்க மூச்ச எண்ணினதால. அத எண்ணச் சொல்லி இவங்களுக்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கல்ல."

12.20. அனோஜா மேற்பார்வையாளரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். மருந்து விவரத்தை ஜலீலா சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் எழுத்தில் கொடுப்பதாகவும் சொன்னார். முறைப்பாடு இல்லை, புதன்கிழமை தீப்தி வழக்கம்போல் வேலைக்கு வரலாம் என்றார் மேற்பார்வையாளர்.

போனை வைத்த அனோஜா தீப்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சொறி. ஐ வாஸ் ஹொறிபிள். பயத்திலை கதைச்சிட்டன்."

"அக்கா, அவர் உங்க அப்பா. நானா இருந்தாலும் பயந்திருப்பேன்."

ஜெயரட்ணம் எழுந்து வந்தார். தீப்தியின் தலையில் கையை வைத்தார். "என்ரை பழியை உன்ரை தலையிலையெல்லோ ஏத்தப் பாத்தாங்கள், பிள்ளை. நீ என்ரை அண்ணையையும் காப்பாத்தி, என்னையும் எல்லோ காப்பாத்தினனீ."

தீப்தி அப்போதுதான் அழுதாள். இந்த ஊரில் இரண்டு குளிர்காலம் அழாமல் கடந்தவள். துக்கம் என்றால் அடக்கியிருப்பாள். இது நன்றி.

ஜலீலா கோப்பிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அழுது முடிஞ்சா இங்க வாங்க. தமிழில ஒரு நோட்டீஸ் அடிக்கப் போறன். பேட்ச் வாங்குற ஒவ்வொரு வீட்டுக்கும் பெட்டியோட போகும். எங்கட ஆக்கள் சூட்டை எப்படியெல்லாம் பாவிப்பாங்க? சொல்லுங்க, எழுதுறன்."

தீப்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம். சுடுதண்ணி பாட்டில். எண்ணெய் தேய்ச்சு வெந்நீர்க் குளியல். ஆவி பிடிக்கிறது."

"காய்ச்சின எண்ணெயைச் சூட்டோடை பூசுறது," என்றார் ஜெயரட்ணம் குற்றவாளிக் குரலில். "அதையும் எழுதுங்கோ. வாற சனிக்கிழமை அதைத்தான் செய்ய இருந்தனான்."

அனோஜா சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பட்டியலின் கீழே ஜலீலா தன் பெயரை எழுதி, 'மருந்தாளர்' என்று சேர்த்தார். அதற்குக் கீழே 'தீப்தி' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"நர்ஸ் எண்டு போட ஆசைதான். உரிமம் வராம இங்க அந்தச் சொல்லப் போட ஏலாது. சட்டம். பராமரிப்பாளர் எண்டு போடவா?"

தீப்தி தாளைப் பார்த்தாள். ஒரு மருத்துவக் காகிதத்தில், இந்த நாட்டில், அவள் பெயர் வருவது இதுவே முதல் தடவை.

"ஒண்ணும் வேணாம், மேடம். பேரு மட்டும் இருக்கட்டும்," என்றாள். "பக்கத்துல கொஞ்சம் இடம் விடுங்க."