விமானத்தில் ஒன்றரை மணி நேரம்

காலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவளுக்கு ஊசியில் நூல் ஏறவில்லை. மகன் அனுப்பிய விமானச் சீட்டு அலைபேசியில் வந்திருந்தது. அதில் அவள் பேர் இல்லை, பெரியம்மாவுக்கு மட்டும்தான். குழந்தை நடக்கப் பழகுகிறதாம், பெரியம்மா வந்து பார்க்க வேண்டுமாம்.

அந்தப் பெரியம்மா, அதாவது அவளுடைய ஓரகத்தி, உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தாள். அடுத்தடுத்துக் கணவனை இழந்தவர்கள் இருவரும். இவள் தைத்துச் சம்பாதிக்க, அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை அவன்.

அவன் வேலை பார்க்கும் நகரத்துக்கும் இவர்கள் நகரத்துக்கும் நடுவே ஒரு மலைத்தொடர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். மலையைச் சுற்றிப் போகும் சாலையிலோ ஒரு பகலும் ஓர் இரவும். மருமகளின் பிரசவத்துக்கு இவள் புறப்பட இருந்த காலையில்தான் ஓரகத்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட சொல்லிடாதே. புது வேலை... தெரிஞ்சா உதறிட்டு ஓடி வந்துடுவான்" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

விமானம் என்றால் பயம் என்று மகனிடம் பொய் சொன்னாள் தாய். பஸ்ஸில் வாயேன் என்றான். அவ்வளவு தூரம் முதுகு தாங்காது என்றாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்தது.

"மனசில்லைன்னு சொல்லும்மா. தூரத்து மேல ஏன் பழி போடுறே?" என்றவன், அதன் பிறகு பெரியம்மாவிடம் மட்டுமே பேசினான். அவளும் படுத்தபடியே, அடுப்படியில் நிற்பதுபோல் அளந்துவிடுவாள். போனில் குழந்தையின் மழலை கேட்கும்போதெல்லாம் இவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

சீட்டைப் பார்த்த ஓரகத்தி அலைபேசியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு அவளே அவனை அழைத்தாள். இவள் தடுத்தும் கேட்கவில்லை.

"நான் எழுந்து நடந்து ஒரு வருஷமாச்சுடா. இந்தப் படுக்கையில என் அசிங்கத்தையெல்லாம் அள்ளினவ உங்கம்மா. அவளை விட்டுட்டு எனக்குச் சீட்டு போட்டிருக்கியே..."

"இதோ புறப்பட்டு வர்றேன்" என்று அவன் போனை வைத்தான்.

அன்றைக்கு விமானத்தில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. காத்திருக்க மனம் கேட்கவில்லை. மறுநாள் பிற்பகல், மனைவி குழந்தையோடு வந்த கார் புழுதி மூடி வாசலில் நின்றது. கண்ணெல்லாம் சிவந்து உள்ளே வந்தவன், தரையில் உட்கார்ந்து தாயின் மடியில் முகத்தைப் புதைத்தான்.

"ஒன்றரை மணி நேரம்தானேன்னு உன்னைக் குத்திக்கிட்டே இருந்தேன். நான் ஒரு தடவையாவது ஏறி வந்தேனாம்மா?"

"இப்ப வந்துட்டியே. உள்ளே போய் முதல்ல பெரியம்மாவைப் பாரு" என்று தலையைக் கோதினாள். அவன் எழுந்து போனான்.

குழந்தைக்காகக் கை நீட்டினாள். அது வீறிட்டு, மருமகளின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டது. நீட்டிய கைகள் திரும்பின.

"விடும்மா, அவளுக்கு நான் யாரோதானே" என்றாள். சொன்ன பிறகுதான் இத்தனை நாள் அடக்கியது உடைந்தது.

"யாரோ இல்லை அத்தை. பழகிடுவா... நாங்க இப்பப் போகப் போறதில்லை" என்ற மருமகள், பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைக் கீழே விட்டாள்.

அது இயந்திரத்தின் காலைப் பிடித்து நின்று, இவள் அழுவதையே வேடிக்கை பார்த்தது. இவள் மறுபடி கை நீட்டவில்லை. காத்திருப்பது அவளுக்குப் புதிதா என்ன? கடைசியில் குழந்தை ஒரு கையை எடுத்து, இவள் புடவையைப் பற்றிக்கொண்டது.