பச்சை ரிப்போர்ட்... சிவப்புப் பூசணி

"ஐயோ... போர்டைக் காணோம்!"

லேபுக்குள்ளிருந்து சங்கவியின் அலறல்.

சாமி படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

நாளைக்கு ஆயுத பூஜை. நாளை லீவு என்பதால் கம்பெனியில் இன்றைக்கே பூஜை. டிரில்லிங் மெஷினில் ஆரம்பித்து லேப்டாப் வரை சந்தனப் பொட்டு.

டெபுடி மேனேஜர் தென்னரசு முதல் ஆளாக லேபுக்கு ஓடினார். பதறினார். அந்தப் பதற்றத்தைக் காலையிலேயே பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

ஏனென்றால் போர்டைத் திருடியவரே அவர்தான்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டி, திண்டிவனம் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது தளிர்மின் டெக்னாலஜீஸ். மின்சார ஸ்கூட்டருக்கு மூளை செய்கிற கம்பெனி. அந்த மூளைதான் இந்த போர்டு. உள்ளங்கை அகலம். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஓட்டிப் பார்க்க ஜெர்மனியிலிருந்து ஹெர்மன் என்ற வாடிக்கையாளர் இன்றைக்கு வருகிறார்.

போன வாரம் போர்டை ஓடவிட்டபோது, என்ஜினியர் சங்கவி சொன்னாள். "சார், புகை வருது."

தென்னரசு மேலே எழுதியது: "லேசான வெப்பம்."

ஜெனரல் மேனேஜர் சீனுவாசன் அதைச் சென்னைக்கு எழுதியது: "பலன்கள் கதகதப்பாக இருக்கின்றன."

ரிப்போர்ட்டில் பச்சைக் கலர். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஹெர்மன் முன்னால் புகை வந்தால் அது தென்னரசுவின் தப்பு. போர்டு திருட்டுப் போனால் செக்யூரிட்டியின் தப்பு. செக்யூரிட்டியும் கேன்டீனும் இன்னொரு டெபுடி மேனேஜர் பாக்கியராஜின் பொறுப்பு. சீனுவாசன் அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர் போட்டி...

கணக்கு கச்சிதமாக இருந்தது.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." சங்கவி கையைப் பிசைந்தாள்.

"அப்புறம் சொல்லும்மா."

"இல்ல சார், அந்த போர்டு..."

"அப்புறம்னேன் இல்ல?"

வாசலில் பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணவேணி. பூஜைக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர். கையில் பொரிப் பொட்டலம். அதிலிருந்து வேர்க்கடலையை, அந்த ஊர் மல்லாட்டையை, மட்டும் பொறுக்கித் தின்றபடியே கேட்டார்.

"கேமரா இருக்குதா?"

போட்டுக் காட்டினார்கள். திரை முழுக்க ஒரே மஞ்சள்.

"இன்னா சார் இது?"

பாக்கியராஜ் அண்ணாந்து பார்த்தார். கேமராவின் கண்ணிலேயே தடியாக ஒரு சந்தனப் பொட்டு.

"யாரு வெச்சது?"

"காலைல பாக்கியராஜ் சார்தான் பொட்டு வெச்சிக்கினு இருந்தாரு," என்றார் தென்னரசு, தரையைப் பார்த்தபடி.

"நான் கேன்டீன் கிரைண்டருக்குத்தான் வெச்சேன் மேடம்!"

"கிரைண்டருக்கு வெச்ச கை கேமராவுக்கு எட்டாதா?"

பாக்கியராஜுக்கு வியர்த்தது. தென்னரசுவுக்கு உள்ளே ஏ.சி. ஓடியது.

போர்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். விழுப்புரம் மார்க்கெட்டில் அவரே தட்டிப் பார்த்து வாங்கிய திருஷ்டிப் பூசணி. மேலே சதுரமாக வெட்டி, போர்டை உள்ளே திணித்து, அதன்மேல் குங்குமமும் சில்லறையும் போட்டு மூடியாகிவிட்டது. வருஷா வருஷம் ரோட்டில் பூசணி உடைப்பது அவர்தான். இன்னும் கொஞ்ச நேரம். நெடுஞ்சாலை லாரிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வெளியே கார் வந்து நின்றது.

"ஹெர்மன் வந்துட்டாரு!" சீனுவாசன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது. பூஜையைக் காட்டியே மத்தியானம் வரைக்கும் ஓட்டுங்க. முதல்ல பூசணி. ஜல்தி!"

தென்னரசு பாய்ந்து போய்ப் பூசணியைத் தூக்கினார்.

"ரோட்டுக்கு எங்க போறீங்க?" சீனுவாசன் மறித்தார். " போன வருஷம் பைக்ல வந்தவன் வழுக்கி விழுந்து பெரிய பேஜாரு. இங்கயே போர்டிகோவுல உடைங்க. அவரும் பார்க்கட்டும்."

"சார்... டைல்ஸ் கறையாயிடும்..."

"கழுவிக்கலாம். பாக்கியராஜ், நீங்க உடைங்க."

"நானா சார்? நான் சர்ச்சுக்குப் போறவன்."

"அதான் வேணும். எல்லாரும் ஒண்ணுன்னு ஹெட் ஆபீசுக்கு ஒரு போட்டோ போவும்."

"ஹெட் ஆபீசுன்னு சொல்லிட்டீங்க. உடைச்சிடறேன் சார்."

பாக்கியராஜ் பூசணியைப் பிடித்தார். தென்னரசு விடவில்லை. இரண்டு டெபுடி மேனேஜர்களும் ஒரு காயை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"விடுங்க சார். எல்லாத்தையும் நீங்களே பண்ணணுமா?"

பிடி நழுவியது.

பாக்கியராஜ் தலைக்குமேல் தூக்கினார். மூன்று சுற்று.

பொளேர்!

சிவப்பு சிதறியது. சில்லறை உருண்டது. அதோடு ஒரு கறுப்புச் சதுரம் வழுக்கிக்கொண்டே போய், ஹெர்மனின் ஷூவில் முட்டி நின்றது.

போர்டு.

"பூசணி வாங்கினது யாரு?" என்றார் கிருஷ்ணவேணி.

தென்னரசு மறுபடி கணக்குப் போட்டார். வேலை போகும். ஜெயில் வரும். பதினாறு வருஷம் ரிவ்யூ மீட்டிங்கில் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"வாங்கினதோட சரி மேடம். கேன்டீன்ல குடுத்துட்டேன். கேன்டீன் பாக்கியராஜ் சாருது. குங்குமம் போட்டது, மூடினது, இப்ப உடைச்சது... எல்லாமே அவர்தான். நான் அந்தக் காய்க்குள்ள விரலைக்கூட விடலை!"

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"எங்க வேணா எழுதித் தர்றேன் மேடம்."

"அடப்பாவி..." பாக்கியராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் ஹெர்மன் குனிந்து போர்டை எடுத்தார். குங்குமம் சொட்டியது. சங்கவியிடம் நீட்டினார். போர்டிகோவில் நின்ற ஸ்கூட்டரைக் கண்ணால் காட்டினார்.

சங்கவி துடைத்தாள். மாட்டினாள். சாவியைத் திருப்பினாள்.

தென்னரசு கண்ணை மூடிக்கொண்டார். இதோ புகை...

விர்ர்ர்...

சக்கரம் சுற்றியது. புகை இல்லை.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்," என்றாள் சங்கவி. "முந்தாநேத்தே சரி பண்ணிட்டேன். தண்ணி போவாம மேல பிசினும் ஊத்தி அடைச்சிட்டேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"ஒவ்வொரு தடவையும் அப்புறம்னீங்க சார்."

ஹெர்மன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். "உயரத்திலிருந்து வீழ்ச்சி! ஈரம்! தூசு! இந்த மூன்று சோதனைக்கும் எங்கள் ஊரில் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஒரே காயில் முடித்துவிட்டீர்கள். தங்கள் பொருள்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த கம்பெனியை நான் பார்த்ததே இல்லை. ஆர்டர் உங்களுக்குத்தான். இது யாருடைய யோசனை?"

தென்னரசு ஓரடி முன்னால் வந்தார். "சார், உண்மையில அதை உள்ள வெச்சது..."

"நீங்கதான் இப்ப சொன்னீங்களே," என்றார் கிருஷ்ணவேணி. "எல்லாமே பாக்கியராஜ் சாருன்னு. எழுதித் தர்றேன்னும் சொன்னீங்க."

சுவரைப் பிடித்திருந்த பாக்கியராஜ் நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏதோ என்னால முடிஞ்சது சார். டீம் எஃபர்ட்."

"என் சீட்டுல யாரை உக்கார வெக்கறதுன்னு யோசிச்சிக்கினே இருந்தேன்யா!" சீனுவாசன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். சங்கவிக்குக் கூடுதலாக ஒரு பொரிப் பொட்டலம் கிடைத்தது.

கூட்டம் கலைந்தது. தென்னரசு மட்டும் பூசணித் துண்டுகளுக்கு நடுவே நின்றார். கிருஷ்ணவேணி பக்கத்தில் வந்தார். அவருடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தார். நகத்துக்குள்ளே குங்குமம்.

"மே... மேடம்..."

"பயப்படாதீங்க சார். காணாமப் போன பொருளு கிடைச்சிடுச்சு. புகார் குடுக்கவும் ஆளில்ல."

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர், கடைசி மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"காணாமப் போன ப்ரமோஷனுக்கு எஃப்.ஐ.ஆர். போட எங்க ஸ்டேஷன்ல வசதி இல்ல சார்... நீங்க முதல்ல கையைக் கழுவுங்க."