கண் என்றொரு கட்டம்

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. லோயர் கேம்பில் அந்தப் பழைய ஓட்டு வீட்டின் முன்னால் ஈஸ்வரபாண்டி வண்டியை நிறுத்தியபோது மத்தியானம் இரண்டு மணி. மலை பாதி வரை மேகத்துக்குள் போயிருந்தது. கீழே கால்வாய் இரைந்துகொண்டிருந்தது. கேம் பெட்டி ஒன்று, முப்பத்துச் சொச்சம் டிஸ்க்குகளோடு, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று செல்போனில் பார்த்து, சின்னமனூரிலிருந்து வந்திருந்தார்.

வந்தவர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பகலில் அவர் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வக உதவியாளர். விசிட்டிங் கார்டில் 'மின்விளையாட்டு ஆவணக் காப்பாளர்'. பதினேழு வருடமாக, தான் ஆடி முடித்த வீடியோ கேம்களை எல்லாம் காலிகோ அட்டை போட்ட பெரிய பதிவேட்டில் எழுதி வருகிறார். எண், பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், குறிப்பு. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'முடிந்தது' என்று ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். தாலுகா அலுவலகம் தோற்றுப் போகும்.

நானூற்று அறுபத்திரண்டு வரிகள் ஆகியிருந்தன. அதில் எத்தனை மெய்யாகவே முடிந்தது என்பது அவருக்கும் அவர் மனைவி முனீஸ்வரிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. முதல் இரண்டு மணி நேரம் ஆடுவார். பிறகு, எந்த நாட்டுப் பையனோ ஆடி முடித்துக் காட்டும் வீடியோவை இட்லி தின்றுகொண்டே இரட்டை வேகத்தில் ஓட விடுவார். டங்கென்று ஸ்டாம்ப் விழும்.

"அடுத்தவுக தின்னதுக்கு நீங்க ஏப்பம் விடுறீக, மாமா" என்பாள் முனீஸ்வரி.

இப்போது கல்லூரி ஆண்டு விழாவில் அவருக்குப் பாராட்டு. 'ஐநூறு கண்ட அண்ணலே வருக' என்று ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது. ஐநூறுக்கு முப்பத்தெட்டு குறைந்தது. விழாவுக்கு ஆறு நாள் இருந்தது.

கதவைத் திறந்த சங்கிலியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்குள் ஈரத் துணி வாசனை. அதற்கு மேல் நீலகிரித் தைலத்தின் காட்டமான நெடி.

"மக சினேகாவோடது தம்பி. தலைக்குள்ள கட்டி. அது கண்ணை அமுக்கிக்கிட்டே வந்துச்சு. தை மாசம் போயிட்டா." அழவில்லை. பெட்டியைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். "கண்ணு இருக்கையிலயே எல்லாத்தையும் ஆடி முடிச்சிரணும்னு ஒரே வெறி. முப்பத்தேழு முடிச்சா. ஒண்ணு மட்டும் நின்னு போச்சு."

பெட்டியின் மேல் ஒரு நோட்டையும் வைத்தாள்.

"காசெல்லாம் வேணாம். செத்தவுக நேந்துக்கிட்டதை இருக்கவுக முடிச்சு விடுவோம்ல? வீரபாண்டி ஆத்தாளுக்கு ஆயிரங்கண் பானை எடுக்குறதா நேந்திருந்தா. சுத்தியும் ஓட்டை போட்ட பானையைத் தலையில வச்சு, இந்தச் சித்திரையில நானே எடுத்துட்டேன். இந்த விளையாட்டுதான் எனக்குக் கை வரல. நீங்க பெரிய ஆளாம்ல. அந்த ஒண்ணை அவ பேருல முடிச்சு, அந்த நோட்டுல ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க."

ஈஸ்வரபாண்டி நெஞ்சில் கை வைத்தார். "அம்மா, விளையாட்டு என்பது எனக்குத் தவம். என் வாக்கு இது."

மேடைக்கு எழுதி வைத்திருந்த வாக்கியம். ஒத்திகை ஆனதில் அவருக்குத் திருப்தி.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தார். குண்டு குண்டான, நேரான எழுத்து. ஸ்டாம்ப் இல்லை, எண் இல்லை. விளையாட்டின் பெயர், 'முடித்தேன்', அதற்குப் பக்கத்தில் 'கண்' என்று ஒரு கட்டம்.

கண்: சரி.

கண்: சரி.

ஐந்தாறு பக்கம் தள்ளி: கண்: இடது ஓரம் மங்கல். பிறகு: கண்: இரண்டு ஓரமும் இல்லை. அதற்கும் பிறகு: கண்: நடுவில் ஒரு தட்டு அளவு. திரையைத் துண்டு துண்டாகப் பார்த்து ஆடுகிறேன்.

கடைசி வரியில் மட்டும் 'முடித்தேன்' இல்லை. 'நைன் லைட்ஹவுசஸ். எட்டு விளக்கு ஏற்றிவிட்டேன். ஒன்பதாவது எங்கே என்று தெரியவில்லை.' கண் கட்டம் காலி.

இந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருப்பார்கள். ஈஸ்வரபாண்டி ஆவணக் காப்பாளர். முப்பத்தேழும் ஒன்றும் முப்பத்தெட்டு என்பது அவருக்கு உடனே விளங்கியது.

பதிவேட்டை விரித்துக் காப்பியடிக்கத் தொடங்கினார். நாட்களை மட்டும் தானே இட்டுக்கட்டினார். 'கண்' கட்டத்தையும் விடவில்லை. குறிப்புப் பத்தியில் அப்படியே இறக்கினார். அதில் ஒரு இலக்கியக் களை இருக்கிறது, விழா மலரில் போட்டால் எடுபடும் என்று தோன்றியது.

"என்ன மாமா, ஒரே சாயங்காலத்துல இருபது விளையாட்டா?" முனீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "யாரோட எழுத்து இது?"

"பழைய குறிப்பு. நீ போய்க் காபி போடு."

'இடது ஓரம் மங்கல்' என்று எழுதி ஸ்டாம்ப் வைத்தபோது ஜன்னல் பக்கம் மங்கியது போலிருந்தது. மேகம் என்று நினைத்தார். 'இரண்டு ஓரமும் இல்லை' என்று எழுதும்போது கதவு தெரியவில்லை. வோல்டேஜ் குறைவு என்று நினைத்தார்.

ஐநூறாவது வரி. நைன் லைட்ஹவுசஸ். சங்கிலியம்மாளுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வராமல் இல்லை. பெட்டியை டிவியில் மாட்டினார். கடல், எட்டு விளக்குகள், அலையில் ஆடும் ஒரு படகு. கண்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் நீலகிரித் தைலம் மணத்தது. பத்து நிமிடம் தேடினார். முடித்துக் காட்டும் வீடியோவும் எங்கேயும் அகப்படவில்லை. பேனாவை எடுத்தார். 'ஒன்பதாவது விளக்கையும் ஏற்றினேன்.'

டங்.

அப்போதுதான் காதோரத்தில், யாரோ ரொம்பத் தயங்கிக் கேட்பது போல, ஒரு குரல்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மறைக்குது."

ஈஸ்வரபாண்டி திரும்பினார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அவர் தள்ளித்தான் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் அவருடைய உலகம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. தட்டுக்குள் டம்ளர் தெரிந்தது. டம்ளரை நீட்டிய முனீஸ்வரி தெரியவில்லை. தேனியில் கண் டாக்டர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள், எழுத்துப் பலகையைக் காட்டினாள், தலையை ஸ்கேன் எடுக்க வைத்தாள்.

"ஒரு குறையும் இல்லையே சார். இந்த வயசுல இப்படிக் கண்ணு எனக்கே கிடையாது. விழாப் படபடப்பா இருக்கும்."

அன்று முதல் முன்னறையில் பொத்தான்கள் சொடுக்கும் சத்தம். டக். டக்டக். கொஞ்சம் நின்று, டக். டிவி அணைந்தே இருக்கும். முனீஸ்வரி போய் நின்றால் சத்தம் நிற்கும். வாசனை மட்டும் நிற்காது.

"யாரு மாமா தைலம் தேய்க்கிறது?" என்று கேட்டாள்.

 விழா முடியட்டும் என்றார்.

விழாவன்று காற்று ஃபிளெக்ஸை நடுவில் கிழித்துவிட, 'ஐநூறு' ஒரு பக்கமும் 'அண்ணல்' இன்னொரு பக்கமும் அடித்துக்கொண்டிருந்தன. முனீஸ்வரி கையைப் பிடித்து மேடையேற்றினாள். தாளாளர் சால்வை போர்த்தினார். முதல்வர் அவரை ஞானி என்றார். துறைத்தலைவர் ஒரு படி மேலே போய்த் தவமுனி என்றார். ஈஸ்வரபாண்டிக்கு மைக்கின் முனை மட்டும் தெரிந்தது. ஆனாலும் பேசினார். நாற்பது நிமிடம் பேசினார்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். பெயர் ஓவியா என்றாள்.

"சார், நைன் லைட்ஹவுசஸ் முடிச்சதா மலர்ல போட்டிருக்கு. நாங்க ஹாஸ்டல்ல எல்லாரும் எட்டுலயே நிக்கிறோம் சார். ஒன்பதாவது எங்கன இருக்கு?"

 ஈஸ்வரபாண்டி தொண்டையைச் செருமினார்.

"மகளே, தேடல்தான் பாக்கியம். விடையைச் சொன்னால் உன் தவம் கலைந்துவிடும்."

கைதட்டல்.

"ஆனா நீங்க முடிச்சீகளா சார்? நெசமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் இனி வராது என்பது அவருக்குத் தெரிந்தது. காதோரத்தில் ஒரு மூச்சு நின்றிருந்தது. காத்திருப்பது போல.

"முடித்தேன்" என்றார் ஈஸ்வரபாண்டி. "என் இரு கண்ணாலும் பார்த்து, நானே ஏற்றினேன்."

மைக்கின் முனை அணைந்தது.

கைதட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் முற்பகல் முனீஸ்வரி அவரையும் பதிவேட்டையும் நோட்டையும் ஆட்டோவில் ஏற்றி லோயர் கேம்புக்குக் கொண்டு போனாள். வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். காப்பியடித்ததை, கட்டத்தை, குரலை, மேடையில் சொன்ன பொய்யை. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சங்கிலியம்மாளின் வீட்டில் இந்த முறை தைல வாசனை இல்லை. வெறும் ஈர வாசனை. முனீஸ்வரி அந்த முப்பத்தெட்டு வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். 

"நான் முடிச்சுத்தான தம்பி குடுக்கச் சொன்னேன்" என்றாள் சங்கிலியம்மாள். "அவ கண்ணைக் கட்டம் கட்டமா உங்க பேருக்கு எழுதிக்கிட்டீகளே."

"அடிச்சிடுறேன்மா! முப்பத்தெட்டையும் இப்பவே அடிச்சிடுறேன். கல்லூரியில போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன். எனக்குக் கண்ணு மட்டும் வந்துட்டா போதும்மா." ஈஸ்வரபாண்டியின் பேச்சில் முதல் தடவையாக மேடை இல்லை.

"நேந்துக்கிட்டு ஏத்துக்கிட்டதை அடிக்கிற பழக்கம் இங்கன இல்ல தம்பி. முடிக்கத்தான் முடியும்."

"எப்படிம்மா? பார்வை இல்லாம நான் எப்படி முடிப்பேன்?"

 சங்கிலியம்மாள் நோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுல அவ ஒரு வாரமா இல்ல" என்றாள். "பொத்தான் சத்தமே இல்ல. உங்களை நம்பிப் பிரயோசனம் இல்லைனு, அவளே முடிச்சுக்கிட உங்க கூட வந்திருப்பா."

சின்னமனூர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. முனீஸ்வரி பூட்டைத் திறந்தாள். தைலம் மூக்கில் ஏறியது. அவள் சட்டென்று நின்றுவிட்டாள்; பின்னால் வந்த ஈஸ்வரபாண்டி அவள் முதுகில் இடித்துக்கொண்டார்.

"மாமா, டிவியைப் போட்டுட்டா வந்தோம்?"

"இல்லையே. என்ன தெரியுது?"

"கடலு. கரையில விளக்கு எரியுது. ஒண்ணு, ரெண்டு..." எட்டு வரை எண்ணினாள். பிறகு குரல் இறங்கியது. "படகுல ஒண்ணு. ஒம்பது."

காற்று ஒரு ஜன்னலை அடித்துச் சாத்தியது.

"அந்தப் பதிவேடு உன் கையில இருக்கு. திறந்து பாரு முனீசு."

பக்கம் புரளும் சத்தம். ஒரு பக்கத்தில் நின்றது.

"சொல்லு!"

"உங்க வரிக்குக் கீழ ஒரு வரி இருக்கு. குண்டு எழுத்து. மை இன்னும் காயல." எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தாள். "'நைன் லைட்ஹவுசஸ். முடித்தேன். ஒன்பதாவது விளக்கு கரையில் இல்லை. நாம் நிற்கிற படகிலேயே இருந்தது.' கட்டத்துல..."

"கட்டத்துல என்ன?"

"'கண்: நன்றாகத் தெரிகிறது.'"

 ஈஸ்வரபாண்டி தடவித் தடவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். முடிந்துவிட்டதல்லவா, அவள் கேட்டது முடிந்துவிட்டதல்லவா, இனிப் போய்விடுவாள் அல்லவா என்று இருட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பதிலாக, முன்னறை டிவியிலிருந்து இசை ஒன்று எழுந்தது. புது இசை. அதுவரை அந்த வீட்டில் கேட்காத ஏதோ ஒரு விளையாட்டின் தொடக்கம்.

டக். டக்டக்.

முனீஸ்வரி அவர் முன்னால் குனிந்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். திருப்பிய முகத்திலிருந்து விழிகள் மட்டும் நழுவி மறுபடி டிவி பக்கம் போயின. இடமும் வலமுமாக, மேலும் கீழுமாக, திரையில் ஓடும் எதையோ அவை விடாமல் தொடர்ந்தன.

"பார்வை வந்துருச்சா மாமா? கண்ணை அசைக்கிறீகளே."

"நான் அசைக்கல முனீசு."