தோள் தாங்கும் தோட்டா

பேஸ்மென்றுக்கு இறங்கும் படியில், மேலிருந்து மூன்றாவதில், ஒரு பிடி சேறு கிடந்தது. ஈரச் சேறு. கறுத்தது. வெளியே தை மாதத்து ஸ்நோ முழங்காலளவு நிற்கிறது, அதற்குக் கீழே நிலம் அலவாங்கு போட்டாலும் இறங்காத கல்லாய்க் கிடக்கிறது, இந்த மல்வேர்ன் பகுதி முழுக்கத் தேடினாலும் ஒரு கரண்டி ஈரமண் கிண்ட முடியாத காலம். இந்தச் சேறு எங்கேயிருந்து வந்தது? நவரட்ணம் விளக்குமாற்றோடு படியில் நின்றபடி தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். கோபம் வந்தது. அவருக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். பயம் பிறகு வரும், அதையும் அவர் கோபம் என்றே சொல்லிக்கொள்வார்.

“உது அன்புராசாவின்ரை வேலை,” என்றார் சத்தமாக.

அன்புராசா கீழே வாடகைக்கு இருந்தவன். மார்கழியில் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கதவுத் திறப்பையும் திருப்பித் தரவில்லை. அவருடைய மனுசி குணவதியிடம் மட்டும், “அன்ரி, கீழை ஆரோ ட்டொக் ட்டொக்கெண்டு நாக்கடிச்சுக் கூப்பிடுகினம், நித்திரை கொள்ளேலாமல் கிடக்கு,” என்றானாம். விசரன். அல்லது கள்ளன். இந்த ஊரில் விசரனுக்கும் கள்ளனுக்கும் வித்தியாசம் பார்க்க நவரட்ணத்துக்கு நேரமில்லை.

அந்த மாரியில் அக்கம்பக்கத்தில் மூன்று தமிழ் வீடுகளை உடைத்திருந்தார்கள். எங்கள் சனம் கலியாண நகையை அலுமாரிக்குள் வைத்திருக்கும் என்று கள்ளனுக்கும் தெரியும். ஒரு வீட்டில் தனியே நின்ற மனுசியைக் கட்டிப்போட்டு அடித்திருந்தார்கள். குணவதிக்கு அறுபது வயது. மஃபின் பெட்டி அடுக்குகிற பக்ரறியில் வேலை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணி பஸ்ஸில் வந்திறங்கி இருட்டுக்குள் தனியே நடந்து வருகிறவள். அவளுக்கு ஒன்று நடந்தால் இந்த நாட்டில் அவரோடு சண்டை பிடிக்கக்கூட ஒருத்தர் இல்லை. அதை அவளிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “துவக்கு வாங்கப்போறன்,” என்றுதான் சொன்னார்.

“உங்களுக்கென்ன விசரே? லொக்கை மாத்துங்கோ, காணும்.”

லொக்கை மாற்றினார். அடுத்த நாளும் சேறு கிடந்தது. நான்காவது படியிலும் கிடந்தது, மூன்றாவதிலும் கிடந்தது, இரண்டாவதிலும் கிடந்தது.

போன வருசம் வாத்துச் சுடப் போகலாம் என்று சிநேகிதன் வின்சன்ற் இழுத்துக்கொண்டு போய் எடுப்பித்த லைசென்ஸ் கையில் இருந்தது. வின்சன்றையே கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு கடைக்குப் போனார். பழைய ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். தோட்டாவில்தான் இழுபட்டது. கடைக்காரன் இங்கிலீசில் கேட்டதை வின்சன்ற் தமிழில் சொன்னான்.

“கிழவனுக்கு என்ன தோட்டா வேணுமாம் எண்டு கேக்கிறான், அண்ணை.”

“கிழவன் எண்டே சொன்னவன்?”

“சேர் எண்டுதான் சொன்னவன். நான்தான் மாத்திச் சொன்னன்.”

நவரட்ணம் சிரிக்கவில்லை. சேர்ட் பொத்தானைக் கழற்றி வலது தோளைக் காட்டினார். ஆமிக்காரன் துவக்குப் பிடியால் அடித்து உடைத்த எலும்பு, வளைந்தபடியே பொருந்திப்போய், தோலுக்குள் ஒரு முடிச்சாய் நின்றது. கடைக்காரன் தலையாட்டிவிட்டு மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தான். முதலாவதைத் தானே தள்ளி வைத்தான். அது மானுக்கு, இந்தத் தோளை அது பிய்த்துவிடும். இரண்டாவது குருவிக்கு. சன்னம் கடுகுபோல, சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போகாது.

“பக்கத்து வீட்டுக்காரன் தப்புவான்,” என்றான் வின்சன்ற். “ஆனால் கள்ளனும் தப்புவானாம்.”

மூன்றாவது, வெடிமருந்தைக் குறைத்து நிரப்பியது. சன்னம் பெரிசு, வெடிக்கும்போது தோளில் விழும் உதை அரைவாசி.

“மருந்து குறைஞ்சால் பிறகு சாகிறவன் எப்பிடிச் சாவான்? அதைக் கேள்.”

“வீட்டுக்குள்ளை பத்தடிக்குக் கூடவோ குறையவோ எண்டு அவன் கேக்கிறான். பத்தடிக்குள்ளை எல்லாம் ஒண்டுதானாம். வயது போன ஆக்களும் பெண்டுகளும் இதைத்தான் வாங்குகினமாம்.”

“எனக்குப் பெண்டுகளின்ரை தோட்டாவே தாறான்?”

“வெடிச்சுப் பாத்திட்டுக் கத்துங்கோ அண்ணை.”

கடைக்காரன் இன்னும் ஏதோ சொன்னான். வின்சன்ற் அதை ஒரு பகிடிபோலச் சொல்லிவைத்தான். “உதை இல்லாத தோட்டா எண்டு ஒண்டு இல்லையாம். சுடுறவனுக்கும் கொஞ்சம் குடுத்துத்தான் துவக்கு மற்றவனுக்குக் குடுக்குமாம்.”

கடைக்குள் ஹீற்றர் பெரிதாக வேலை செய்யவில்லை. இருந்தும் நவரட்ணத்துக்குப் பிடரியில் வியர்த்தது.

அன்று பின்னேரம் வின்சன்றுக்குத் தெரிந்த ஒரு வெட்டவெளியில் ஒரே ஒரு வெடி வைத்தார். அரைவாசி உதைதான். அந்த அரைவாசிக்கே முழங்கால் மடிந்து ஸ்நோவில் குந்திவிட்டார். கண்ணில் நீர் வந்தது. அதை வின்சன்ற் பார்த்துவிட்டான் என்பதற்காக அவனுக்குத் தூசணம் பேசினார்.

காரில் வரும்போது வின்சன்ற், “துவக்கு வேறை, தோட்டா வேறை, ரெண்டையும் பூட்டி வைக்க வேணும் அண்ணை, சட்டம்,” என்றான்.

“சட்டத்தை உன்ரை வீட்டிலை வை.”

தோள் தாங்காவிட்டால் என்ன? தோளே தேவையில்லாத ஒரு வழி அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது, ஆனால் இது வன்னியில் வயல் செய்தவன் எல்லாருக்கும் தெரிந்தது. பன்றி வருகிற பாதையில் துவக்கை மரத்தோடு கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுக்க வேண்டியதுதான். விசையிலிருந்து பாதைக்குக் குறுக்கே போகிற காட்டுக்கொடியில் பன்றியின் கால் பட்டால் வெடி தானாக விழும். கட்டுத்துவக்கு. உதையை மரம் வாங்கிக்கொள்ளும்.

அதற்கு ஒரேயொரு கட்டுப்பாடு உண்டு. கட்டுகிற அன்று, பொழுதுபடுமுன், அந்தப் பக்கம் நடமாடுகிற ஒவ்வொருத்தருக்கும் வாயால் சொல்லிவிட வேண்டும்.

இருபத்தாறு வருசத்துக்கு முந்தி நவரட்ணம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஒரு வீட்டுக்குப் போகவில்லை. தியாகலிங்கத்தோடு வாய்க்கால் தண்ணீரில் சண்டை. இரண்டு போகமாய்ப் பேச்சில்லை. அன்று மாலை தியாகலிங்கத்தின் கன்று காணாமல் போனது. தியாகலிங்கம் வெறுங்காலோடு, சேற்றை மிதித்து மிதித்து, நாக்கை அண்ணத்தில் தட்டிக் கன்றைக் கூப்பிட்டபடி அந்தப் பாதையால் வந்தான். ட்டொக். ட்டொக். படலையடியில் நின்ற நவரட்ணத்துக்கு அது நன்றாகக் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வெடி விழுந்து தியாகலிங்கம் அந்தப் பாதையிலேயே செத்தான். கன்று அவனுடைய வீட்டுக்குப் பின்னால் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

“எல்லாருக்கும் சொன்னனியே?” என்று விசாரிக்க வந்த ஊர் விதானையார் கேட்டார்.

“ஓம். எல்லாருக்கும் சொன்னனான்,” என்றார் நவரட்ணம்.

ஊர் அதை நம்பியது. குணவதியும் நம்பினாள்.

தோட்டா வாங்கிய மறுநாள், துவக்கைக் குசினிக் கதிரையில் வைத்து நைலோன் கயிற்றால் வரிந்து கட்டினார். குழல் பேஸ்மென்ற் கதவைப் பார்த்தது; கதவு திறந்தால் விசை இழுபடும்படி ஒரு கயிறு ஓடியது. எல்லாவற்றையும் காலையிலேயே செய்து பார்த்துச் சரி பிழை திருத்தினார். தோட்டாவை மட்டும் பின்னேரம் போடுவதாக வைத்துக்கொண்டார். வின்சன்றுக்குப் போன் பண்ணி வீட்டுப் பக்கம் வராதே என்றார். பக்கத்து வீட்டுச் சீனனுக்குக் கையால் காட்டிச் சொன்னார். குணவதி வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்க, “பின் கதவாலை வராதை. குசினிக்குள்ளை கால் வைக்காதை. முன் கதவாலை மட்டும் வா. விளங்கினதே?” என்றார்.

“விளங்கினது, விளங்கினது. கத்தாதேங்கோ. சோறு மூடிக் கிடக்கு, தின்னுங்கோ.”

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தோட்டாவைப் போட்டார். லைட்டுகளை அணைத்துவிட்டு முன்னறையில், சுவரில் முதுகு படும்படி, சோபாவில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஸ்நோ தள்ளுகிற லொறி மஞ்சள் வெளிச்சத்தைச் சுழற்றிக்கொண்டு தெருவின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு மெல்ல ஊர்ந்து போக, அந்த வெளிச்சம் சுவரில் ஏறி, சாமிப்படத்தில் பட்டு, முன் கதவடி ஹோலின் பக்கமாய் வழிந்து மறைந்தது. அது போனபிறகு வீடு முன்னையைவிட இருட்டாய்க் கிடந்தது. மூடிவைத்த சோற்றின் மணம். மீன்குழம்பின் மணம். கீழே ஹீற்றர் மூச்சு விட்டு நின்றது. தகரக் குழாய்கள் சூடு ஆறி ஒவ்வொன்றாய்ச் சடசடத்தன. ட்டொக். பிறகு ஒன்றுமில்லை. ட்டொக்.

தகரம், என்று சொல்லிக்கொண்டார்.

தகரம் நினைத்தபடி சடசடக்கும். இது அப்படியில்லை. இது ஒரு தரம் தட்டிவிட்டுப் பொறுத்திருந்தது. பதிலுக்கு ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்தது. வராததால் மறுபடி தட்டியது. ட்டொக். கொஞ்சம் கிட்ட. ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவே மரப்படி ஒன்று பாரம் தாங்கி முனகியது.

“வாடா,” என்றார் நவரட்ணம். “வாடா நாயே, வா.” குரல் பெரிதாக வரும் என்று நினைத்தார். மெலிந்து வந்தது.

கதவுப் பிடி திரும்பியது. கேட்டது. கதவின் அடிப்பக்கம் லினோலியத்தில் உரசியது. அதுவும் கேட்டது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெடிக்குக் காத்திருந்தார்.

வெடி விழவில்லை.

கையை எடுத்தார். மீன்குழம்பு மணம் இல்லை. தண்ணீர் கட்டிய வயலின் மணம் வந்தது. அழுகிய வைக்கோல், மாட்டுச் சாணம், ஈரம். பிறகு கதிரைக் கால் ஒன்று தரையில் இழுபடும் சத்தம். மெல்ல. நின்று நின்று. பாரமான ஒன்றைத் தனியாளாய் நகர்த்துகிறவன் மூச்சு வாங்குவதுபோல. குசினியிலிருந்து ஹோலுக்கு. ஹோலில் கொஞ்ச நேரம். பிறகு கொடி முறுக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை அவர் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லுவார்.

பிறகு அமைதி.

எழும்பினார். முன்னறையிலிருந்து நேரே குசினிக்குள் போய் பிரிஜ் கதவைத் திறந்தார். வெளிச்சம் தரையில் விழுந்தது. கதிரை நின்ற இடத்தில் கதிரை இல்லை. அவர் கட்டிய நைலோன் கயிறு ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைக்கப்பட்டிருந்தது. தரையில் சேற்றுக் கால்கள். வெறுங்கால்கள். விரல் விரிந்தவை. ஹோல் பக்கம் போனவை.

திரும்பி வந்தவை இல்லை.

ஹோல் லைட் போட்டார். எரியவில்லை. பிரிஜ் வெளிச்சம் எட்டிய மட்டில் கண்டார். மாடிப்படியின் அடியில் கதிரை. கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. துவக்கின் குழல் முன் கதவைப் பார்த்தது. வாசலின் குறுக்கே, கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒரு கொடி. பச்சைக் கொடி. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஓடிப்போய் முடிச்சைப் பிடித்தார். விரல் வழுக்கியது. இழுத்தால் வெடிக்கும். நிறுத்தினார். தடவிப் பார்த்தார். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, உள்ளே செருகிய நுனி.

அவருடைய முடிச்சு.

வெளியே சப்பாத்துச் சத்தம். படியில் ஸ்நோவைத் தட்டுகிறாள். ஒரு தரம். இரண்டு தரம். திறப்புக் கோர்வை கிலுங்கியது.

“குணம்! வராதை! உள்ளுக்கு வராதை!”

நாற்பது வருசத்தில் அவர் போட்ட எந்தச் சத்தத்துக்கும் அவள் அடங்கியதில்லை. சத்தம் கேட்டால் ஓடிவந்துதான் பழக்கம்.

“என்னப்பா? விழுந்திட்டியளே? பொறுங்கோ, வாறன்!”

“கொடி கிடக்கு! நில்! நில்லடி!”

“வாறன், வாறன்!”

திறப்பு உள்ளே நுழைந்தது.

முடிச்சு அவிழவில்லை. கதிரை அசையவில்லை. கைக்கு எட்டியது குழல் மட்டும்தான். நவரட்ணம் அதன் முன்னால் முழங்காலில் விழுந்தார். வலது தோளைக் கொண்டுபோய்க் குழலின் வாயில் அழுத்தினார். உடைந்த எலும்பின் முடிச்சு குழலுக்குள் சரியாகப் பொருந்தியது. குளிர்ந்தது. அரைவாசி மருந்து. பத்தடிக்குள் எல்லாம் ஒன்றுதான்.

பிடரியில் மூச்சு. ஈரம். சேற்று மணம். தண்ணீர் முறை கேட்கிறவனுடைய களைத்த குரல்.

“எல்லாருக்கும் சொன்னனியே?”

கதவு திறந்தது. தெருவிளக்கின் மஞ்சள் உள்ளே விழுந்தது. வாசலில் குணவதி. கையில் மஃபின் பை. ஸ்நோ ஒட்டிய சப்பாத்து. தூக்கிய கால், கொடிக்கு நேரே.

அவருடைய காதுக்குப் பின்னால், பொறுமையாக, ட்டொக்.