குழந்தையின் இடது கால்

தூத்துக்குடி மாற்றுக்கூடம் காலை ஒன்பதுக்குத் திறக்கும். பழைய தந்தத்தைக் கொடுத்தால், அதே வேலைப்பாட்டில், தொட்டியில் வளர்த்த புதுத் தந்தம் கிடைக்கும். கயித்தான் அங்கே மதிப்பாளர். மீன் ஏலக்கூடத்தில் பழகிய வாய். 'தரமாட்டேன்' என்று நுழைகிறவர்களை 'ரொம்ப தேங்க்ஸ்' சொல்ல வைத்து அனுப்புகிற ஆள்.

பூமியில் யானை இல்லாமல் போய் முப்பத்தொரு ஆண்டு. பழங்கொம்பை அரைத்தால் அதிலிருந்து உயிர்விதை எடுக்கலாம். கொம்புக்கு ஒரு கன்று. ஆகவே யார் வீட்டிலும் பழைய தந்தம் இருக்கக்கூடாது என்று சட்டம்.

அன்று ஜெசிந்தா கொண்டுவந்தது ஒரு சாண் உயர மாதா. எழுநூறு ஆண்டுக்கு முன் பிரான்சில் செதுக்கியது, எந்தப் பாதிரியாரோடு கப்பலேறியதோ, எட்டுத் தலைமுறையாக அவர் குடும்பத்தில் இருந்தது. கொம்பு வளைந்திருந்ததால் மாதாவும் குழந்தையை இடுப்பில் வைத்து ஒரு பக்கமாய் ஒசிந்து நின்றாள். உதடு வைத்து முத்தி செய்து செய்து அவள் மூக்கு மழுங்கியிருந்தது.

படியெடுப்பி எந்திரம் கால் மணி நேரத்தில் புதியவளைத் தட்டில் நீட்டியது. கூரிய மூக்கு, கண், புன்னகை, எல்லாம் செதுக்கிய அன்று இருந்தபடி. ஜெசிந்தா குழந்தை இயேசுவின் இடது காலைத் திருப்பிப் பார்த்தார்.

"பல்லு எங்க, தம்பி?"

பழையதில் அந்தக் காலில் இரண்டு சின்னக் குழிகள் இருந்தன. அவருடைய ஒரே மகள் மெர்சிலின், எட்டு மாதத்தில் பல் முளைத்து ஈறு ஊறியபோது, சுரூபத்தை இழுத்துப் போட்டுக் கடித்த தடம். ஒன்பது வயதில், கடல் ஊருக்குள் ஏறிய ஆண்டு, அவள் கடலோடு போனாள். உடல் கிடைக்கவில்லை. படங்களையும் தண்ணீர் கொண்டுபோயிற்று.

பழுதைப் படியெடுக்க விதி இல்லை என்றார் கயித்தான். வேண்டுமானால் ஊசியால் தானே இரண்டு குழி போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"அது ஒங்க கை, தம்பி. அவ பல்லு இல்ல."

பிறக்கிற கன்றுக்கு மெர்சிலின் என்று பெயர் வைக்கச் சொல்லலாமா என்று கயித்தான் கேட்டார். ஜெசிந்தா சிரித்துவிட்டார்.

"ஆனை கோவிச்சுக்கிடும். அது பாட்டுக்குப் பொறக்கட்டும், நான் வேண்டாங்கல. எம்பிள்ளைய மட்டும் குடுத்துருங்க."

கயித்தான் படிவத்தை முன்னே இழுத்தார். ஏலக்கூடத்தில் மீனின் சிதைந்த தலையை எடையில் சேர்க்கமாட்டார்கள். இங்கேயும் படிவத்தில் கழிவு என்று ஒரு கட்டம் உண்டு. இதுவரை அவர் அதை நிரப்பியதில்லை. 'இடது கால், பல் அரித்தது, விதைக்கு ஆகாது' என்று பதிந்துவிட்டு நுண்ரம்பத்தை எடுத்தார். குழந்தையின் காலில் வைத்தபடி கேட்டார்.

"பாவம் யாருக்கு, யக்கா?"

"ஆளுக்குப் பாதி. அறுங்க."

அறுத்த கால் புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. ஜெசிந்தா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் நாக்கு அந்தக் குழிகளைத் தேடுவது கன்னத்தில் தெரிந்தது. கண்களை மூடிக்கொண்டார்.

புதுச் சுரூபம் அவருக்குச் சேர வேண்டியது என்று கயித்தான் நினைவூட்டினார். வாயைத் திறக்காமல், வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜெசிந்தா வெளியே போனார்.

தட்டில் இருந்த குழந்தைக்கு இரண்டு காலும் முழுசாக இருந்தன. தொட்டித் தந்தம் நேராக வளர்வது, அதில் வளைவே கிடையாது. ஆனாலும் புதிய மாதா அச்சு அசலாய் ஒரு பக்கம் ஒசிந்தே நின்றாள், எதற்கென்று தெரியாமல்.