பலகைக்கு அடியில் ஏழு தட்டு

இசை நிற்கும் அந்த இடத்தில் நிருஷன் ஒருபோதும் தட்டமாட்டான். இன்று தட்டினான்.

பரமேஸ்வரன் மாஸ்டர், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றியபடியே காது கொடுத்தார். போர்க்கால மல்லாவியில் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சில்லில் உரசும் டைனமோவில்தான் அந்தக் கசற் பாடியது. பேராதனையில் படித்த நாளில் பதிவு செய்த ஆங்கில றொக் இசை. ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, சொற்கள் இல்லை. ஓகன் வாத்தியம் வயலுக்குள் நீர் பாய்வதுபோல மெல்ல ஏறும், அதன்மேல் கிற்றார் வழிதவறிய பறவையாய் அலையும், கீழே முரசு ஏழேழாக நடக்கும். மற்றவர்கள் இரைச்சல் என்றார்கள். அவருக்கும் மகனுக்கும் அது ஏழெண்ணிக்கை மிசிரசாபு தாளம்: தகிட, தகதிமி. நடுவில் எல்லா வாத்தியமும் ஒரேயடியாக அடங்கிவிடும். அந்த மௌனம்தான் இந்த இசையின் கர்ப்பக்கிரகம், அதைத் தொடக்கூடாது என்பார்.

இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்க வருகிறவர்களுக்குப் பயந்து மகன் நிருஷனை இந்த அறைக்குள் வெட்டிய பதுங்குகுழியில் ஒளித்து, பலகை போட்டு, நெல்மூட்டை அடுக்கியிருந்தார். ஊருக்குச் சொன்னது, அவன் கொழும்பில் என்று. அவனுக்கு ஒரே கட்டளை: என்ன நடந்தாலும் குரல் வரக்கூடாது. கசற் பாடும்போது பலகையின் அடியில் தாளத்தைத் தட்டினால் போதும், சுகம் என்று அர்த்தம்.

மத்தியானம் மார்கழி மழையில் குடிசை சரிய, பக்கத்து வளவுச் சிவனேஸ்வரி நனைந்த துணிமூட்டையோடு வந்து அந்த அறையிலேயே குந்தியிருந்தாள். அவளுடைய மகள் யதுர்ஷிகாவைப் போன மாரியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஊரே வெள்ளத்துக்க, உங்களுக்கு இங்கிலீசுப் பாட்டோ மாஸ்டர்? குடுத்து வைச்சனீங்கள். உங்கட மோன் கொழும்பில ஃபானுக்குக் கீழ. என்ர பிள்ளை எந்தக் காட்டிலயோ."

குசினி வாசலில் நின்ற நாகேஸ்வரி கணவரின் காதருகே வந்தாள். "இஞ்சேருங்கோ, கிணத்துத் தண்ணி நிலமட்டத்துக்கு வந்திட்டுது. குழியைத் திறவுங்கோ."

"இவவுக்கு முன்னாலயோ? பரமேஸ்வரன் பொய்யன் எண்டு ஊர் சிரிக்கவோ? தட்டுறான்தானே. சுகமா இருக்கிறான்."

கை சோர்ந்தது. சில்லு மெதுவாக, ஓகன் இழுபட்டு நோயாளியின் முனகலாகத் தாழ்ந்தது. தட்டு தாழவில்லை. இசையை விட்டு விலகி, தன் வேகத்தில், சீராக நடந்தது. மூட்டைகளின் அடியிலிருந்து பச்சைக் களிமண் மணம் வந்தது. சீமெந்துத் தரையில் கறுப்பாய் ஓர் ஈரக்கோடு ஊர்ந்து வந்து அவருடைய கால் பெருவிரலைத் தொட்டது. குளிர்.

சுற்றுவதை விட்டார். சில்லு நின்றது. இசை நின்றது.

தகிட. தகதிமி.

சிவனேஸ்வரி நிமிர்ந்தாள். "உது ஆர் தட்டுறது?"

"பாட்டுக்க வாற சத்தம்."

"பாட்டு நிண்டிட்டுதே, மாஸ்டர்."

தகிட. தகதிமி.

அவர் மூட்டையை இழுத்தார். வரவில்லை. "நிருஷன்! குரல் குடு ராசா! ஒருக்காக் குரல் குடு!" அந்த வீட்டில் அவர் எவரிடமும் கெஞ்சியதில்லை. சிவனேஸ்வரி எழுந்து வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

மூட்டைகள் சரிந்ததும் பலகையைத் தூக்கினார்.

தண்ணீர். விளிம்புவரை.

நிருஷன் குப்புற மிதந்தான். இரண்டு கைகளும் அகல விரிந்து கிடந்தன. அசைவில்லை. விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவன் இறந்து வெகுநேரமாகியிருந்தது.

நாகேஸ்வரி குழியருகே முழங்காலிட்டாள்.

பலகை இன்னும் அவருடைய கையில். நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடி. அதன் அடிப்பக்கம் பெண்கள் இருவரையும் பார்த்திருந்தது. அங்கே யாரும் இல்லை. ஈரம் மட்டும்.

அவருடைய உள்ளங்கைக்கு நேரே, அந்தப் பக்கத்திலிருந்து:

தகிட. தகதிமி.